தண்டவாளத்தோரம் ஓர் அமைதிப் பாடம்

அன்று காலை எழுந்து "அம்மா" என்று கூப்பிட்டேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

இன்னொரு முறை கூப்பிட்டேன். ஒரு கீச்சு மட்டும் கேட்டது. அடுப்படியில் இருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானே போய் அவள் தோளைத் தொட்டு, என் தொண்டையைக் காட்டினேன்.

"இன்னாடி, தொண்ட கம்மிக்கிச்சா? இன்னிக்குன்னு பாத்தா?" என்றாள் அம்மா. கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் என் வகுப்பைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார். பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்போது தற்காலிகத் தமிழ் டீச்சர். அதிகாரி பார்த்துவிட்டுத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் அந்த வருஷத்தோடு நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் இடத்துக்கு வர நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு பெண் தயாராக இருப்பதாக ஸ்டாஃப் ரூமில் பேச்சு வேறு. அப்பா, எங்கள் வாயில் நைனா, கம்பெனி வேலையிலிருந்து நின்ற பிறகு, எங்கள் வீட்டுக்குச் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான்.

அன்று நான் நடத்த வேண்டிய பாடம் என்ன தெரியுமா? 'அமைதி' என்ற ஒரே சொல். நானே தேர்ந்தெடுத்தது. அம்மா கொடுத்த மிளகுக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டே, எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சத்தம்

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீடு. அந்தத் தெருவில் ரகசியமே இல்லாத குடும்பம் ஒன்று இருந்தது என்றால் அது எங்கள் குடும்பம்தான்.

நைனா அம்பத்தூர் எஸ்டேட் என்ற தொழிற்பேட்டையில், தகடு அடிக்கும் ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். தகட்டை அச்சில் வைத்தால், மேலிருந்து இடி விழுந்து, அது கீழே கிண்ணமாகவோ மூடியாகவோ வெளியே வரும். நாளெல்லாம் டம் டம் என்று அந்த இடிதான். அது அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இடது கைச் சுண்டுவிரலை மட்டும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டது. அதனால் நைனா வேலையிலிருந்து வந்ததும் அம்மா அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள், முதலில் கையைத்தான் பார்ப்பாள்.

காது மந்தமானவர் கத்தித்தான் பேசுவார். அவருக்குக் கேட்க வேண்டுமென்று நாங்களும் கத்துவோம். என் தங்கை பெரியவளானது, நான் ஒரு பரீட்சையில் கோட்டை விட்டது எல்லாம் அந்த முறையில்தான் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்தது.

"மெல்ல பேசுயா, தெருவுக்கே கேக்குது," என்பாள் அம்மா தினமும்.

"இன்னா?" என்பார் நைனா, இன்னும் பலமாக.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இன்னும் வேடிக்கை. ஐயர் "சற்று நேரம் அமைதியாக ஜெபிப்போம்" என்று சொல்வது நைனாவுக்குக் கேட்காது. சபையே தலை குனிந்திருக்க, அவர் மட்டும் முந்தின பாட்டின் கடைசிச் சரணத்தைக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பார். அம்மா இடித்தால்தான் நிறுத்துவார். எனக்கு அவமானமாக இருக்கும். ஆனால் ஐயர் ஒருநாளும் அவரை நிறுத்தச் சொன்னதில்லை. பாட்டு முடியும்வரை காத்திருந்து, பிறகே ஆமென் சொல்வார்.

(வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் அழைப்போம். ஒருமுறை இதைச் சொல்லாமல் எழுதிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

ஒரு சொல்லைத் தேடி

ஒரு பொருள் இல்லாத வீட்டில் பிறந்தவளுக்குத்தானே அந்தப் பொருள்மேல் ஆசை வரும். எனக்கு 'அமைதி' என்ற சொல்லின்மேலேயே ஒரு மயக்கம். ஆவடி நூலகத்தில் தடித் தடியான அகராதிகள் ஒரு மூலையில் தூசியோடு கிடக்கும். சனிக்கிழமை ஆனால் நான் அங்கேதான்.

நான் நினைத்தது, அமைதி என்றால் சத்தம் இல்லாமை என்று. அகராதியைப் பிரித்துப் பார்த்தால் சத்தம் என்ற பேச்சே முதலில் வரவில்லை. பொருத்தம், தன்மை, நிறைவு என்று வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. ஓசை அடங்கியிருக்கும் சங்கதி பிறகுதான் வந்தது.

வேர்ச்சொல் 'அமை'. பொருந்துவது, தங்குவது, உண்டாவது, அடங்குவது எல்லாம் அதற்குள் உண்டு. நல்ல வேலை அமையணும், நல்ல வரன் அமையணும், சொந்தமாக ஒரு வீடு அமையணும் என்று நம் வீடுகளில் வேண்டிக்கொள்கிறார்களே, அதே அமைதான். ஒரு பொருள் தனக்கான இடத்தில் ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் அது அமைந்துவிட்டது. அந்த நிலை அமைதி. எனக்கு அப்போது வேலையும் அமையவில்லை, வரனும் அமையவில்லை. அகராதியை மூடி வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டது ஞாபகம் இருக்கிறது.

மௌனம் வேறு ஜாதி. அது முனிவரோடு பிறந்த வடசொல். முனிவர்கள் யாரும் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை, ஆகவே அதை அப்படியே விட்டுவிடலாம்.

எங்கள் பக்கத்துச் சொல் 'கம்முனு'. கம்முதல் என்றால் குரல் மங்குதல், வானம் மப்பாகக் கிடத்தல். 'கம்முனு கெட' அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். பண்டிதர்கள் சண்டைக்கு வந்தால் நான் கம்முனு இருந்துவிடுவேன்.

இலக்கணக்காரர்களும் இந்தச் சொல்லை விடவில்லை. வழுவமைதி என்று ஒன்று வைத்தார்கள். தவறுதான், ஆனாலும் ஒரு காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். ஆசை மிகுதியில் பசுவை "என் அம்மா வந்தாள்" என்றால் அது தப்பு இல்லையாம். தப்புக்கும் ஓர் ஓரத்தில் உட்கார இடம் கொடுத்து வைத்துக்கொள்வதற்கு நம் ஆட்கள் அமைதி என்று பேர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஐயரும் நைனாவின் பாட்டும் நினைவுக்கு வந்தார்கள்.

பழைய பாட்டுகளில் 'அமை' என்றால் மூங்கிலும்கூட. எங்கள் ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்த அமைதி அந்த அமையிலிருந்து பிறந்ததுதான். அவர் கையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி இருக்கும். மேஜைமேல் ஓர் அடி, "அமைதி" என்று ஒரு சத்தம்.

வண்டி வந்தால் விரல்

என் ஆறாம் வகுப்பு ஒரு தகரக் கொட்டகை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலிக்காத்தான் புதர், அதற்கப்பால் தண்டவாளம். திருவள்ளூர் போகும் யூனிட், அதாவது மின்சார ரயில், அதற்கு எதிர்ப்பக்கம் வரும் யூனிட், நடுவில் எக்ஸ்பிரஸ், இவற்றுக்கெல்லாம் இடையில் நேரம் காலம் இல்லாமல் கூட்ஸ். வண்டி வந்தால் தகரம் அதிரும், கரும்பலகை ஆடும், நான் பேசுவது எனக்கே கேட்காது.

சேர்ந்த புதிதில் வண்டியோடு போட்டி போட்டுக் கத்தினேன். வண்டிதான் ஜெயித்தது.

ஒருநாள் ரோஸ்மேரி என்ற பெண் எழுந்து பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியானவள், இரட்டைப் பின்னல். யூனிட் வந்தது. அவள் பாதிச் சொல்லில் நிறுத்தினாள். நின்ற எழுத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். கடைசிப் பெட்டி போனதும் விரலை எடுத்து, மிச்சச் சொல்லிலிருந்து வாசித்துக்கொண்டே போனாள், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. சுற்றிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் புத்தகத்தில் விரல் வைத்திருந்தது.

"இதை யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல டீச்சர். வெரல எடுத்துட்டா எடம் தெரியாம பூடும்," என்றாள்.

அன்றோடு கத்துவதை விட்டேன். நானும் அவர்களோடு சேர்ந்து சில கை ஜாடைகள் சேர்த்துக்கொண்டேன். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. காற்றில் எழுதிக் காட்டினால் எழுது. விரலை வளைத்தால் எழுந்து வா. கூட்ஸ் நீளமாக வரும்போது சும்மா உட்கார மாட்டோம். பலகையில் ஒரு சொல்லை எழுதுவேன், அதிலிருந்து பிறக்கும் சொற்களைப் பிள்ளைகள் எழுதுவார்கள். அதற்குக் 'கூட்ஸ் பாடம்' என்று அவர்களே பேர் வைத்தார்கள். கூட்ஸ் வந்தால் சந்தோஷப்பட்ட ஒரே வகுப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஹெட்மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. அதிகாரி வருகிறார் என்றதும் என்னைக் கூப்பிட்டார்.

"விரல், கை, இதெல்லாம் அன்னிக்கு வேணாம்மா. டூரிங் டாக்கீஸ்ல சவுண்டு போன மாதிரி இருக்கு. அவர் யூனிட்லதான் வர்றார். அந்த வண்டி போனதும் கிளாசுக்குக் கூட்டிட்டு வந்துடறேன். அடுத்த வண்டி வர்றதுக்குள்ள நீங்க கணீர்னு பேசி முடிச்சிடணும்."

ரயில்வே அட்டவணையைப் பார்த்து அவர் போட்ட திட்டம் பக்காவானது. கூட்ஸுக்கு அட்டவணை கிடையாது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை வேறு. காலி வகுப்பில் நான் பாடம் நடத்த, அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "கேக்கல, இன்னும் சத்தமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் சத்தமாக, இன்னும் சத்தமாகப் போனேன். அதன் பலன்தான் மறுநாள் காலை அந்தக் கீச்சு.

குரல் இல்லாத டீச்சர்

கழுத்தில் நைனாவின் மப்ளரைச் சுற்றி அம்மா என்னை அனுப்பி வைத்தாள். ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்த் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆண்டவரே," என்றார் மெதுவாக. "வேற நாளைக்கு மாத்தச் சொன்னா, டீச்சர் பயந்துட்டாங்கன்னு நிர்வாகத்துல சொல்லுவாங்கம்மா."

அதற்குள் அதிகாரி வாசலில் நின்றார். நெடுநெடுவென்று இருந்தார். கையில் குடை. சிரிப்பதை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்த முகம்.

வகுப்பில் பின் பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர். "ஆரம்பிங்கம்மா," என்றார் அதிகாரி.

பொய் சொல்ல வேண்டியதில்லை, அழுதுவிடுவேன் போலத்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் உள்ளங்கையை உயர்த்தினேன்.

பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். வண்டி இல்லை. என்னைப் பார்த்தார்கள். மப்ளரைப் பார்த்தார்கள். முதலில் ரோஸ்மேரி புத்தகத்தில் விரலை வைத்தாள். அடுத்து அவள் பக்கத்துப் பெண். அப்படியே கடைசி வரிசை வரை போயிற்று. வண்டியே வராமல் வண்டிப் பாடம் தொடங்கிவிட்டது.

பலகையில் 'அமை' என்று எழுதினேன். விரலை வளைத்தேன்.

"அமைப்பு," என்றான் ஒருவன்.

"மேட அமைச்சாங்க டீச்சர், எங்க தெருவுல. எலெக்சனுக்கு."

"எங்கக்காக்கு மாப்ள இன்னும் அமையல டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நான் அந்தச் சிரிப்பையும் கையாலேயே அடக்கி, மூன்றையும் பலகையில் எழுதினேன். அதிகாரி பேனாவை மூடினார்.

"டீச்சர் ஏன் வாயே திறக்கல?" என்று கேட்டார்.

"அது சார், ஒரு புது முறை சார்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"டீச்சருக்குத் தொண்ட கம்மிக்கினு கீது சார்," என்றான் தனசேகர், முன் பெஞ்சிலிருந்து. ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ பாடத்த யாரு நடத்தறது?"

"நாங்கதான் சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் 'அமை'க்குப் பக்கத்தில் 'தி' சேர்த்தேன். அந்த எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"சரி, நானே கேக்கறேன். அமைதின்னா என்ன?"

"கம்முனு கெடக்கறது சார்," என்றான் தனசேகர்.

"சரியான பதில்தானே?" என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். இல்லை, அது மட்டுமில்லை என்று சொல்ல என்னிடம் ஒரு வண்டி விஷயம் இருந்தது. குரல் இல்லை. அப்போது ரோஸ்மேரி எழுந்தாள்.

"இல்ல சார். எங்கப்பா எஸ்டேட்ல பிரஸ் கம்பெனி சார். ஷிப்ட் முடிஞ்சி வந்து, ரெண்டு கையையும் களுவிக்கினு சோறு துன்ன ஒக்காருவாரு. தம்பி அளுதுகினே இருப்பான். பக்கத்தூட்ல ரேடியோ கத்தும். அப்போ எங்கம்மா சொல்லும் சார், இப்பதான் ஊடு…"

கூட்ஸ் வந்தது.

நின்றுபோன கூட்ஸ்

வந்தது மட்டுமில்லை, சிக்னல் கிடைக்காமல் நின்றும்விட்டது. இன்ஜின் சரியாக எங்கள் ஜன்னலுக்கு நேரே. டீசல் புகை உள்ளே வந்தது. தகரம் அதிர்ந்தது, பலகையிலிருந்து சாக்பீஸ் தூள் உதிர்ந்தது.

அதிகாரி ரோஸ்மேரியிடம் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் ஜன்னலருகே ஓடி, நகர்த்து நகர்த்து என்று இன்ஜின் டிரைவரைப் பார்த்துக் கையாட்டினார். டிரைவர் நல்ல மனுஷன், பதிலுக்குக் கையாட்டினார்.

என் பயம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. ஏனென்றால் இது எங்கள் சத்தம். இதில் அந்தக் கொட்டகையில் யாருக்குமே குரல் கிடையாது. எல்லாரும் என்னோடு சமமாகிவிட்டார்கள்.

காற்றில் எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் குனிந்தார்கள். பலகையிலிருந்த சொல்லைச் சுற்றி எழுதத் தொடங்கினார்கள். நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். தப்பு இருந்த இடத்தில் தட்டினேன், திருத்தினார்கள். விரலை வளைத்தேன், வந்து பலகையில் எழுதிவிட்டுப் போனார்கள். ஒருவன் இன்னொருவனைத் தள்ளவில்லை. ஒரு தலை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி எழுந்து என் பின்னாலேயே நடந்தார். ரோஸ்மேரி அருகே வந்ததும் நின்றார். அவள் உட்காரவே இல்லை. வாசித்துக்கொண்டிருந்தால் புத்தகத்தில் விரல் வைத்திருப்பாள். பேசிக்கொண்டிருந்தவள் என்ன செய்வாள்? டெஸ்க்கின்மேல், தனக்கு முன்னால், வெறும் மரத்தில் விரலை ஊன்றி வைத்திருந்தாள். உட்கார் என்று அதிகாரி கை காட்டினார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

ஒருவழியாக இன்ஜின் ஊதியது. பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நகர்ந்தன. கடைசியில் கார்டு பெட்டி போனது. ரோஸ்மேரி விரலை எடுத்தாள்.

"…அமைதியா கீதுன்னும் சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி அவள் பக்கம் குனிந்தார். எஸ்டேட் பக்கத்துப் பள்ளிகளைப் பார்ப்பவர் அவர். பிரஸ் கம்பெனி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"ஒங்கப்பாவுக்குக் கை நல்லா இருக்கில்ல?" என்று கேட்டார்.

"ரெண்டும் முளுசா கீது சார்."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார். சிரிப்பை எங்கே வைத்தார் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

பிறகு ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நான் நிறைய கிளாஸ் பாத்திருக்கேன் சார். குச்சியால உக்கார வைப்பாங்க, பிள்ளைங்க மனசு வெளிய நிக்கும். நீங்க நிர்வாகத்துக்கு நான் சொன்னதா சொல்லுங்க. இந்த டீச்சர நிரந்…"

ஆவடிப் பக்கம் போகும் யூனிட் வந்தது.

அதிகாரி நிறுத்தினார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். மெதுவாகத் தன் விரலை அந்தத் தாளின்மேல் வைத்தார். வகுப்பு முழுவதும் விரல் வைத்தது. ஹெட்மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு இடம் கிடைக்காமல் தன் மூங்கில் குச்சியின்மேல் விரலை வைத்துக்கொண்டார். நான் பலகையில் கோணலாக எழுதிய 'தி'யின்மேல் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான யூனிட்டை நான் பார்த்ததில்லை.

வண்டி போனது. அவர் விரலை எடுத்தார்.

"…தரமா போடச் சொல்லுங்க," என்றார்.

வகுப்பு எழுந்து கத்திய கத்தில் தகரம் மறுபடி அதிர்ந்தது. "அமைதி, அமைதி" என்று ஹெட்மாஸ்டர் மேஜையை அடித்தார். அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு, "விடுங்க சார்," என்றார்.

வாசலில்

ஆவடியில் இறங்கி, பஸ் பிடித்து, முத்தாபுதுப்பேட்டைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டார், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

எனக்குச் சொல்லக் குரல் இல்லை. சொன்னாலும் கேட்க அவருக்குக் காது இல்லை. பையில் துழாவினேன். ஒரு துண்டுச் சாக்பீஸ் அகப்பட்டது. வாசல் சிமெண்டுத் தரையில் குந்தி, பெரிதாக 'நிரந்தரம்' என்று எழுதினேன்.

நைனாவும் குந்தினார். பைபிள் வாசிப்பதுபோலத்தான் அவர் எதையும் வாசிப்பார். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. அந்த நான்கு விரல் கை 'நி'யில் தொடங்கி, ஒவ்வோர் எழுத்திலும் நின்று நின்று, கடைசி 'ம்'மில் வந்து சேர்ந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"எம் பொண்ணு நெரந்தரம் ஆயிட்டாடா," என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். அவருடைய குரல் நான் கேட்டதிலேயே அன்றுதான் மிகப் பெரிதாக இருந்தது. எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. தெருக்கோடிக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் இன்னொரு முறை சொன்னார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். தரையில் இருந்ததைப் பார்த்தாள். நான் வழக்கமான 'மெல்ல பேசுயா'வுக்குக் காத்திருந்தேன்.

"அந்தாண்ட தெருவுக்குக் கேக்கல," என்றாள் அம்மா. "இன்னும் சத்தமா சொல்லுயா."